பப்பாளி விதைச் சாறு: முதல் வாரம் 17 மி.மீ., மறுவாரம் ஒன்றுமே இல்லை

விதைப்பித்தன்:

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை நுண்ணுயிரியல், கடைசிப் பருவம். பப்பாளி விதைச் சாற்றுக்குப் பாக்டீரியாவைத் தடுக்கும் திறன் உண்டா என்று பார்ப்பதுதான் செயல்திட்டம். ஒரு மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால் இங்கே கொட்டுகிறேன்.

விதைகளைக் கழுவி, நிழலில் உலர்த்தி, பொடித்து, மூன்று வகையில் சாறு எடுத்தேன். சூடான கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் சாக்ஸ்லெட் கருவியில் மெத்தனால், ஆறு மணி நேரம். அதே மாதிரி ஹெக்சேன். மூன்றாவது, 20 கிராம் பொடியை 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் போட்டு, அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் கலக்கித் துணியில் வடிகட்டியது. முதல் இரண்டையும் ரோட்டரி ஆவியாக்கியில் வற்றவைத்து, மி.லி.க்கு 100 மி.கி. வீதம் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தேன். நீர்ச்சாற்றை அப்படியே பயன்படுத்தினேன்.

பாக்டீரியா தடவிய முல்லர் ஹிண்டன் அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) 8 மி.மீ. குழி, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் சாறு. குழியைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வளையத்தின் விட்டத்தை அளந்தேன். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தட்டில் மெத்தனால் 10 மி.மீ., ஹெக்சேன் 10, நீர் 17. ஈ.கோலை தட்டில் மெத்தனால் 10, ஹெக்சேன் 10, நீர் 13. ஒப்பீட்டுக்கு வைத்த 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் (ஆன்டிபயாடிக்) டிஸ்க் ஈ.கோலைக்கு 31 காட்டியது.

மிச்ச நீர்ச்சாற்றைக் குளிர்பெட்டியில் வைத்து மறுவாரம் திரும்பச் செய்தேன். வளையமே இல்லை. போதாததற்குக் குழியைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. "நீர்ச்சாறெல்லாம் வேலை செய்யாது, மெத்தனால் முடிவை வைத்து எழுதி முடி" என்கிறார் நெறியாளர். அந்த 17 எங்கிருந்து வந்தது, எங்கே போனது?

பழைய பெட்ரி:

தம்பி, வரிசையாகக் கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். வெறும் டிஎம்எஸ்ஓவை ஒரு குழியில் ஊற்றிப் பார்த்தீர்களா? ஈ.கோலை எந்த ஸ்ட்ரெயின்? தட்டில் தடவிய பாக்டீரியாக் கலங்கலின் அடர்த்தியை எப்படி அளந்தீர்கள்? தட்டுக்கு எவ்வளவு அகார் ஊற்றினீர்கள்?

விதைப்பித்தன்:

ஐயா, டிஎம்எஸ்ஓ குழி வைக்கவில்லை. ஸ்ட்ரெயின் ஏடிசிசி 25922. கலங்கல்... கண்ணளவுதான். அகார் 15 மி.லி. இருக்கும்.

பழைய பெட்ரி:

நினைத்தேன். 25922 தரச்சோதனைக்கான ஸ்ட்ரெயின். அதற்கு 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் டிஸ்க் 19 முதல் 26 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். உங்களுக்கு 31. மருந்து திடீரென்று வீரியம் பெற்றுவிடவில்லை. உங்கள் அகார் மெலிசு, பாக்டீரியாவும் குறைவு. அகார் மெலிந்தால் மருந்து கீழே இறங்க இடமில்லாமல் பக்கவாட்டில் பரவும், விதைத்த உயிரணு குறைவென்றால் வளையம் அகலும். அப்படியென்றால் அந்தத் தட்டில் இருந்த எல்லா வளையமும் ஊதிப்போனவைதான், உங்கள் 17 உட்பட.

90 மி.மீ. தட்டில் 4 மி.மீ. ஆழம் வர 25 மி.லி. ஊற்றவேண்டும். கலங்கலை ஒப்பிட 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற அளவுகோல் கரைசலைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 1 சதவீதக் கந்தக அமிலம் 99.5 மி.லி., 1.175 சதவீதப் பேரியம் குளோரைடு கரைசல் 0.5 மி.லி., அவ்வளவுதான். 625 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.08 முதல் 0.13 வரை காட்டினால் சரி. அந்தக் கலங்கலுக்கு ஈ.கோலையைக் கொண்டுவந்தால் மி.லி.க்கு 10 முதல் 20 கோடி உயிரணு இருக்கும். கலக்கிய 15 நிமிடத்துக்குள் பஞ்சுக்குச்சியால் (ஸ்வாப்) தட்டில் தடவிவிடுங்கள், டீ குடித்துவிட்டு வந்தால் அந்த எண் மாறியிருக்கும்.

அப்புறம், மெத்தனால் 10, ஹெக்சேன் 10, இரண்டு பாக்டீரியாவுக்கும் அதே 10. வேறு வேறு சாறு ஒரே எண்ணைக் காட்டினால் இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். 100 மைக்ரோலிட்டர் சுத்த டிஎம்எஸ்ஓ அல்லவா?

குறுக்குக்கேள்வி:

நான் கொஞ்சம் கெட்ட செய்தி சொல்கிறேன். அந்த 17-ஐயும் நம்ப வேண்டாம். துணியில் வடித்த விதை நீரில் மண்ணிலிருந்து வந்த பேசில்லஸ் வித்துகள் தாராளமாக இருக்கும். மறுவாரம் குழியைச் சுற்றிப் படர்ந்தது அந்தக் கூட்டம்தானே? பேசில்லஸ் இனங்களில் பல பிற பாக்டீரியாக்களைக் கொல்லும் பொருள்களைத் தாமே சுரக்கும். பாலிமிக்சின், பேசிட்ராசின் எல்லாம் பேசில்லஸ், அதன் நெருங்கிய உறவினங்கள் ஆகியவற்றின் சரக்குதான். முதல் வார வளையமும் அதன் வேலையாக இருக்கலாம். சாற்றின் பிஎச் பார்த்தீர்களா? அமிலமாக இருந்தால் அதுவே ஒரு வளையம் போடும்.

0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, பிஎச் 7-க்குக் கொண்டுவந்து, பிறகும் வளையம் வந்தால் பேசலாம்.

மூலக்கூறுக்காரி:

குறுக்குக்கேள்வி சொல்வது எல்லாம் செய்யவேண்டியதுதான். ஆனால் எடுத்திருப்பது பப்பாளி விதை. இந்த ஒரு விஷயத்தில் நெறியாளர் சொல்வதற்கு நேர் எதிராகத்தான் நடக்கும்.

பப்பாளி விதையில் பாக்டீரியாவைத் தாக்குவது முக்கியமாகப் பென்சைல் ஐசோதயோசயனேட். ஆனால் முழு விதையில் அது கிட்டத்தட்டக் கிடையாது. அங்கே இருப்பது குளுக்கோட்ரோபியோலின் என்ற குளுக்கோசினோலேட், அதாவது சர்க்கரையோடு கட்டிப்போட்ட வடிவம். அதை வெட்டிவிடும் மைரோசினேஸ் நொதி அதே விதையில் தனியாக ஒதுங்கி இருக்கிறது. விதை நசுங்கி ஈரம் பட்டால் இரண்டும் சந்திக்கும். சில நிமிடத்தில் நெடியடிக்கும் ஐசோதயோசயனேட் பிறக்கும். கடுகை நசுக்கித் தண்ணீர் விட்டதும் மூக்கில் ஏறுகிறதே, அதே வேதியியல்தான். கடுகில் சினிக்ரின் அல்லைல் ஐசோதயோசயனேட்டாகிறது, பப்பாளியில் பென்சைல்.

இப்போது உங்கள் மூன்று சாற்றையும் பாருங்கள். சூடான மெத்தனாலில் நொதி செத்துவிடும். சொல்லப்போனால் குளுக்கோசினோலேட்டை உடையாமல் எடுக்க விரும்புபவர்கள் நொதியைக் கொல்வதற்காகவே சூடான நீர் கலந்த மெத்தனாலைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் மெத்தனால் சாற்றில் இருப்பது கட்டவிழாத சரக்கு, பாக்டீரியா அதைக் கண்டுகொள்ளாது. ஹெக்சேனில் எண்ணெய்தான் வரும். தண்ணீர் இல்லாமல் நொதி வேலையே செய்யாது. பச்சைத்தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறிய பொடியில்தான் நொதிக்கு வேலை கிடைத்திருக்கிறது.

மறுவாரம் ஏன் காணோம்? அது ஆவியாகிப் பறக்கும் பொருள். அதோடு புரதங்களில் உள்ள அமினோ, தயால் தொகுதிகளோடு பிணைந்துவிடும், சாற்றிலேயே விதைப் புரதம் நிறைய இருக்கிறது. ஒரு வாரம் வைத்திருந்தால் எதுவும் மிஞ்சாது. காவலாக இருந்தது போனதும் உள்ளே இருந்த பேசில்லஸ் எழுந்து வந்திருக்கிறது, அவ்வளவே. இது என் ஊகம், சோதித்துத்தான் உறுதி செய்யவேண்டும்.

தட்டுக்கழுவி:

அக்கா, இது தெரியாமல் நான் ஒரு வருடம் கடுகுப் பொடியைச் சாக்ஸ்லெட்டில் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். சோகம்.

முருங்கை விதையில் என் இன்னொரு கோமாளித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். நீர்ச்சாற்றைப் பாக்டீரியாக் கலங்கலில் விட்டேன், ஒரு மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டது. ஒளி உறிஞ்சல் சரசரவென்று விழுந்தது. "எல்லாம் செத்தது" என்று எழுதிவிட்டேன். சீனியர் ஒருவர் வந்து குழாயைக் குலுக்கினார், அடியில் இருந்ததெல்லாம் மேலே வந்து மறுபடியும் கலங்கல். முருங்கை விதையின் நேர்மின் புரதம் பாக்டீரியாவைக் கட்டியாகச் சேர்த்து அடியில் இறக்கிவிடுகிறது, தண்ணீர் தெளிய வைக்க அதைப் பயன்படுத்துவதே அதனால்தான். அடியில் இருந்ததை எடுத்து அகாரில் தடவினால் ஏகப்பட்ட காலனி. அந்தப் புரதம் சில பாக்டீரியாவைக் கொல்லவும் செய்யும் என்கிறார்கள், ஆனால் என் குழாயில் அன்று நடந்தது வெறும் படிவு.

மூலக்கூறுக்காரி:

நல்ல உதாரணம். சாமந்தி இலைக்கும் எருக்கு வேருக்கும் ஒரே செய்முறையைப் போடுவதே அவ்வளவு சரியில்லை, விதை இன்னும் மோசம். எண்ணெய், சேமிப்புப் புரதம், நொதி, டானின் எல்லாவற்றையும் ஒரே ஓட்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறது. கருஞ்சீரகத்தில் தைமோகுயினோன் ஆவியாகும், வெளிச்சத்திலும் கெடும். கார்போகரிசியில் பாக்குசியால், அது நீரில் வராது. திராட்சை விதையில் டானின், கண்ட புரதத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும், ஊடகத்தில் இருக்கும் புரதம் உட்பட. முதலில் அந்த விதையில் என்ன இருக்கலாம் என்று படித்துவிட்டு, பிறகு கரைப்பானைத் தேர்ந்தெடுங்கள்.

விதைப்பித்தன்:

அக்கா, உங்கள் ஊகம் சரியா என்று எப்படிக் காட்டுவது? நெறியாளரிடம் "இணையத்தில் ஒருவர் சொன்னார்" என்று போய் நிற்க முடியாது.

மூலக்கூறுக்காரி:

ஒரே பொடியில் மூன்று குழாய். முதலாவது, பச்சைத்தண்ணீரில் அரை மணி நேரம். இரண்டாவது, பொடியைக் கொதிக்கிற நீரில் கொட்டி 10 நிமிடம், பிறகு ஆறவிட்டு அரை மணி நேரம். நொதி போயிருக்கும், குளுக்கோசினோலேட் அப்படியே இருக்கும். மூன்றாவது, இரண்டாவதைப் போலவே கொதிக்க வைத்து ஆறியபின் ஒரு சிட்டிகை வெண்கடுகுப் பொடி சேர்ப்பது. வெண்கடுகு மைரோசினேஸுக்குப் பேர்போனது. இரண்டாவதில் போன வளையம் மூன்றாவதில் திரும்பி வந்தால், நொதிதான் சாவி என்பது தெளிவு.

குறுக்குக்கேள்வி:

கடுகுக்கே சொந்த ஐசோதயோசயனேட் இருக்கிறதே! மூன்றாவது குழாயில் வளையம் வந்தால் அது கடுகின் கைவரிசை இல்லை என்று யார் சொன்னது? நான்காவது குழாய் வேண்டும், அதே அளவு கடுகுப் பொடி மட்டும், அதே தண்ணீர்.

மூலக்கூறுக்காரி:

ஒப்புக்கொள்கிறேன், அதை விட்டது என் பிழை. நான்கு குழாய்.

பழைய பெட்ரி:

ஆவியாகிற பொருள் என்றால் இன்னொரு எளிய சோதனை. தட்டில் பாக்டீரியாவைத் தடவுங்கள். குழி வேண்டாம், டிஸ்க்கும் வேண்டாம். தட்டைக் கவிழ்த்து, மூடியின் உள்பக்கம் நடுவில் ஒரு வடிதாள் துண்டு வைத்து அதில் சாற்றை விடுங்கள். அகாரைச் சாறு தொடவே கூடாது. மூடி, ஓரத்தைப் பாராஃபிலிமால் சுற்றி 35 டிகிரியில் 18 மணி நேரம். தாளுக்கு நேர் மேலே வளர்ச்சி இல்லாமல் வட்டம் விழுந்தால், ஆவியே வேலை செய்கிறது என்று அர்த்தம். பேசில்லஸ் சுரக்கும் பெப்டைடுகள் காற்றில் பறக்காது, ஆகவே குறுக்குக்கேள்வியின் சந்தேகத்துக்கும் பதில் கிடைத்துவிடும்.

எண்கணக்கு:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எல்லோரும் மி.மீ. பற்றியே பேசுகிறீர்கள். 10 மி.மீ. சாறு "மிதம்", 17 மி.மீ. "நல்லது", ஜென்டாமைசினோடு ஒப்பிட்டால் இத்தனை சதவீதம் என்று அட்டவணை போடும் பழக்கம் எனக்குப் புரிந்ததே இல்லை. மெத்தனால் சாறு குழிக்கு 10 மி.கி. போயிருக்கிறது. ஜென்டாமைசின் டிஸ்க்கில் 10 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு. இதில் எதை எதோடு ஒப்பிடுவது? சின்ன, நீரில் கரையும் மூலக்கூறு அகாரில் ஓடும், எண்ணெய்ப்பசையுள்ளது குழியை விட்டு நகராது. அது பாக்டீரியாவுக்கு எமனாகவே இருந்தாலும் தட்டில் 0 மி.மீ.தான். 1966-இல் வந்த கிர்பி-பாவர் முறை, தரப்படுத்திய மருந்து டிஸ்க்குகளுக்காக உருவானது. அதன் எல்லை எண்களை இலைச்சாற்றுக்கும் விதைச்சாற்றுக்கும் தூக்கி வந்து வைப்பது நியாயமே இல்லை.

எம்ஐசி, அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவைப் பாருங்கள். 96 குழித் தட்டு, குழிக்குக் குழி செறிவு பாதியாகும் இருமடங்கு நீர்ப்பு, குழியில் கடைசியாக மி.லி.க்கு 5 லட்சம் உயிரணு. சாறு கலங்கலாகவோ நிறமாகவோ இருந்தால் கண்ணால் பார்க்க முடியாது, ரெசாசுரின் சாயம் சேர்த்துப் பாருங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் உயிர் இருக்கிறது. செடிச் சாறுகளுக்கு இப்படிச் சாயம் சேர்த்துப் பார்ப்பதை 1998-இல் எலோஃப் ஐஎன்டி சாயத்தோடு எழுதிய பிறகுதான் பலர் இந்தப் பக்கம் வந்தார்கள்.

அப்புறம், மி.லி.க்கு 1 மி.கி.க்கு மேல் தேவைப்படும் சாற்றைப் பெரிதாகப் பேசக்கூடாது, 100 மைக்ரோகிராம், அதற்குக் கீழே வந்தால்தான் சுவாரசியம் என்று 2005-இல் ரியோஸும் ரெசியோவும் எழுதினார்கள். அந்த அளவுகோலை வைத்தால் இணையத்தில் உலாவும் "அதிசய விதை"களில் முக்கால்வாசி கழன்றுவிடும்.

பழைய பெட்ரி:

எண்கணக்கு, நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் வளையத்தை முழுக்க வீசிவிட வேண்டாம். இருக்கிறதா இல்லையா என்று முதல் சலிப்புக்கு அதைவிட மலிவான கருவி கிடையாது. இங்கே முதல் மூன்று குழாய்க்கும் ஒரே விதை, ஒரே மூலக்கூறு, நான்கு குழாய்க்கும் ஒரே கரைப்பான். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட வளையம் போதும். வேறு வேறு செடிகளைத் தரவரிசைப்படுத்தத்தான் அது உதவாது.

எண்கணக்கு:

அந்த எல்லைக்குள் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரே தட்டில் மூன்று குழி வெட்டிவிட்டு "மூன்று முறை செய்தேன்" என்று எழுதக் கூடாது. அது ஒரே சோதனையை மூன்று தடவை அளப்பது. வேறு நாள், புதிதாக எடுத்த சாறு, புதிதாக வளர்த்த பாக்டீரியா, அப்படி மூன்று நாள்.

மூலக்கூறுக்காரி:

96 குழித் தட்டில் ஒரு பொறி இருக்கிறது. ஆவியாகும் பொருள் பக்கத்துக் குழிக்குத் தாவும். சாறே இல்லாத வளர்ச்சிக் குழியில் கூட வளர்ச்சி குறைந்து தெரியும், நீர்ப்பின் கடைசிக் குழியும் தடுக்கப்பட்டது போலத் தெரியும். ஒட்டும் படலம் போட்டு மூடி, வளர்ச்சிக் குழிகளைத் தூரத்தில், முடிந்தால் தனித் தட்டில் வையுங்கள்.

மாலைக்காற்று:

நான் புதியவன். காலில் ஆறாத புண் இருக்கிறது, பப்பாளி விதையை அரைத்துப் போட்டால் நல்லதா?

மூலக்கூறுக்காரி:

வேண்டாம். ஐசோதயோசயனேட் தோலை எரிக்கும், பாக்டீரியாவுக்கும் நம் உயிரணுவுக்கும் அது பெரிதாக வேறுபாடு பார்க்காது. அகார் தட்டில் வளையம் வந்தால் அது மருந்து என்று அர்த்தமில்லை. ஆறாத புண் என்றால், சர்க்கரை நோய் இருக்கிறதா என்பது உட்பட, ஒரு மருத்துவர் பார்க்கவேண்டிய விஷயம். தள்ளிப்போடாதீர்கள்.

விதைப்பித்தன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், முதல் வாரம் முழுக்க மெக்ஃபார்லண்டோடு போனது.

25 மி.லி. அகார், அளந்த கலங்கல். ஜென்டாமைசின் இப்போது 22. நிம்மதி. வெறும் டிஎம்எஸ்ஓ குழி 9 மி.மீ. காட்டியது. மெத்தனால் 9, ஹெக்சேன் 9. ஐயா சொன்னது அப்படியே நடந்தது, அந்த இரண்டு சாறுகளுக்கும் சொந்தமாக எதுவும் இல்லை.

நான்கு குழாயும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்தது, பிஎச் 7. ஸ்டாஃபுக்கு எதிராக மூன்று தனித்தனி நாள்களில்:

பச்சைத்தண்ணீர்: 15, 14, 15
கொதித்தது: வளையம் இல்லை, மூன்று நாளும்
கொதித்தது + கடுகு: 13, 11, 13
கடுகு மட்டும்: வளையம் இல்லை, 9, வளையம் இல்லை

ஒரு நாள் கடுகு மட்டும் 9 காட்டியது. அன்று சிட்டிகை கொஞ்சம் தாராளமாகிவிட்டது என்று நினைக்கிறேன், மற்ற இரு நாளும் 50 மி.கி. எடை போட்டுத்தான் சேர்த்தேன். மூடியில் வைத்த தாளுக்கு மேலே ஸ்டாஃப் தட்டில் தெளிவான வட்டம் விழுந்தது. ஈ.கோலையில் ஓரம் மங்கல், ஆனால் இருந்தது.

எம்ஐசியும் பார்த்தேன். முதல் தடவை எல்லாக் குழியும் நீலம், வளர்ச்சிக் குழி உட்பட! ஐந்து நிமிடம் ஆனந்தப்பட்டேன், அப்புறம் அக்கா சொன்ன ஆவி ஞாபகம் வந்தது. படலம் போட்டுத் தனித் தட்டில் செய்தபோது ஸ்டாஃபின் வளர்ச்சி மி.லி.க்கு 25 மி.கி. விதைக்கு ஈடான சாறு வரை தடைபட்டது. நெறியாளர் நான்கு குழாய்த் தட்டுகளை நேரில் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "மெத்தனாலை எடுத்துவிடு" என்றார்.

எண்கணக்கு:

25 மி.கி. என்பது விதை எடை, சாற்றின் எடை இல்லை. அதை 1 மி.கி. அளவுகோலோடு ஒப்பிட முடியாது. சாற்றை உலர்த்தி எடை போடலாமே?

குறுக்குக்கேள்வி:

உலர்த்தினால் வேலை செய்யும் பொருளே பறந்துவிடும். மிஞ்சுவது சர்க்கரையும் புரதமும். அதை எடை போட்டு எம்ஐசி எழுதினால் சுத்தப் பொய். இந்த ஒரு தடவை விதைப்பித்தன் பக்கம் நிற்கிறேன்.

மூலக்கூறுக்காரி:

இரண்டு வழி. "இத்தனை மி.கி. விதைக்கு ஈடு" என்று நேர்மையாக எழுதி, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று ஒரு வரி சேர்ப்பது ஒன்று. அரை மணி நேரம் நொதி வேலை செய்தபின் நீரை டைகுளோரோமீத்தேனோடு குலுக்கி, கீழ் அடுக்கை எடுத்து, வாயு நிறப்பிரிகைக் கருவியில் (காஸ் குரோமட்டோகிராபி) பென்சைல் ஐசோதயோசயனேட் எவ்வளவு என்று நேராக அளப்பது மற்றொன்று. இரண்டாவது முடிந்தால், சுத்தமான பென்சைல் ஐசோதயோசயனேட் வாங்கி அதே அளவில் பக்கத்திலேயே எம்ஐசி போடுங்கள். சாற்றின் வேலை முழுக்க அதனுடையதா, வேறு ஏதாவது கூடச் சேர்கிறதா என்று அப்போது தெரியும்.

விதைப்பித்தன்:

கருவி வேதியியல் துறையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் தருகிறேன் என்றிருக்கிறார்கள், "நெடியடிக்காத சாம்பிள் கொண்டுவா" என்ற நிபந்தனையோடு. அதை எப்படிச் சமாளிப்பது என்றுதான் தெரியவில்லை.

தட்டுக்கழுவி:

செப்டம் (ரப்பர்) மூடி போட்ட சிறு குப்பி, அதை ஐஸ் பெட்டியில். நடைபாதையில் திறக்காதீர்கள். நான் திறந்தேன்.